பிடித்தது, பிடிக்கவில்லை என்பதற்கு அப்புறம் என்ன சொல்வது?

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்ச காலமாகத்தான் நாவல் படிக்கிறாராம். நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் ‘மோகமுள்ளை விட எனக்கு அகல் விளக்குதான் பிடித்தது’ என்று சொல்லியிருக்கிறார், எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அகல் விளக்கை எழுதிய மு. வரதராசனை, அதாவது மு.வ.வை எல்லாம் இந்தக் காலத்தில் யாராவது படிப்பார்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நாவலைப் பற்றிக் கருத்து சொல்வதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும், நம்ம வேலூர்ப் பக்கத்து ஆளுக்கு அடுத்து என்ன படிக்கலாம், இதுதான் கேள்வி.

முதல் கேள்விக்குச் சின்ன பதில்: அந்த ஒரு நாவலை ஒழுங்காகப் படித்திருந்தால் போதும். பெரிய பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குடியாத்தம் பக்கத்திலும் பிறகு வேலூரிலும் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். லுங்கி நெய்கிறவர், தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், டேனரி சூப்பர்வைசர், டீச்சரம்மாக்கள், நர்ஸ்கள், பரீட்சைக்குப் படிக்க வந்து சலித்துப்போய் நாவல் அலமாரிப் பக்கம் ஒதுங்கும் பையன்கள், இவர்களெல்லாம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மேசைக்கு முன்னால் நின்றபடியே ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். விமர்சகர்களின் கட்டுரைகளையும் நான் விடாமல் படித்தவன்தான், அவற்றின் மேல் மரியாதையும் உண்டு. ஆனால் சில நாவல்களைப் பற்றி நான் கேட்ட மிகக் கூர்மையான கருத்து தேதிச் சீட்டில் முத்திரை குத்துகிற நேரத்தில் காதில் விழுந்ததுதான்.

அகல் விளக்கையே எடுத்துக்கொள்வோம். சிரித்தவர்கள் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. மு.வ. நாவலில் பாத்திரம் வாயைத் திறந்தால் பல நேரம் வகுப்பறைதான். ஒழுக்கம், சிக்கனம், உடல்நலம், தமிழ்ப் பற்று என்று பக்கம் பக்கமாகப் போகும். மனிதர் 1912இல் திருப்பத்தூரில் பிறந்து, தாலுகா ஆபீசில் கொஞ்ச நாள் எழுத்தராக இருந்து, அப்புறம் பள்ளிக்கூட ஆசிரியராகி, பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியராகி, கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஆனவர். ஆசிரியர் என்ற வேஷத்தை அவர் நாவல் எழுதும்போதும் கழற்றவில்லை. எங்கள் அப்பா தலைமுறையில் கல்யாணத்துக்கு மொய்யோடு மு.வ. புத்தகம் வைத்துக் கொடுப்பார்கள், அதற்குக் காரணமே அதுதான். அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் கெட்டுப்போக மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் அந்த நாவல் பாலாற்றோடு ஆரம்பிக்கிறதே தம்பி, அதை எப்படித் தள்ளிவிடுவது? வாலாஜாப்பேட்டை வேலய்யன், பெருங்காஞ்சியிலிருந்து வரும் சந்திரன், நடுவில் மணலாகப் பரந்து கிடக்கும் ஆறு. நாவல் வந்தது 1958இல். அதற்கு அப்புறம் அந்த ஆற்றில் டேனரிக் கழிவு கலந்து, கிணறெல்லாம் நிறம் மாறி, வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன கதை ஆம்பூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று போட்டோ எடுத்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதுதான் பாலாற்றை ஆறாகப் பார்த்த முதல் தடவையாக இருக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் அகல் விளக்கின் முதல் அத்தியாயத்தைப் படிப்பதும் கும்பகோணத்திலிருந்து ஒருவர் படிப்பதும் ஒன்றாகுமா? உங்களுக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுவாக இருந்தால் அதையே சொல்லியிருக்கலாம். ‘எனக்குப் பிடித்தது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ‘இந்த அத்தியாயம், இந்த ஆறு, இப்போது அது இப்படிக் கிடக்கிறது, அதனால் எனக்கு இப்படி ஆயிற்று’ என்று சொன்னால் சிரிக்கிறவனும் ஒரு நிமிடம் யோசிப்பான், அல்லது அத்தியாயத்தை எடுத்துப் பார்ப்பான்.

இதே நாவலைப் பற்றி எனக்குக் கிடைத்த இன்னொரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன், எத்தனையோ வருடம் ஆகியும் மறக்கவில்லை. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி இருக்கிறதல்லவா, தொழுநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் பேர்போன இடம், 1955இல் தொடங்கியது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நூலகத்துக்கு வருவார். அகல் விளக்கில் அழகும் அறிவும் மிகுந்த சந்திரன் வழி தவறிப் போய்க் கடைசியில் தொழுநோய் கண்டு சாகிறான். பெரியவர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, “சந்திரன் தப்பு பண்ணான், சரி. அதுக்கு இன்னாத்துக்கு சார் அந்த நோவக் குடுக்கணும்? அது கிருமி. நல்லவனுக்கும் வரும், கொயந்தைக்கும் வரும். படிச்சவரு, அவுருகூட இப்படி எய்திட்டாரே” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் அந்த நாவலை எடுத்துப் படிக்க வேண்டியதாகிவிட்டது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். நாவல் எழுதப்பட்ட காலத்தில் இதே மாவட்டத்தில், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட் என்ற டாக்டர், நோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி அறுவை சிகிச்சை செய்து மறுபடி வேலை செய்யும் விரல்களாக ஆக்கிக்கொண்டிருந்தார். நோயையும் பாவத்தையும் பிரித்து வைக்க இத்தனை பேர் பாடுபட்டுக்கொண்டிருந்த ஊர்ப்பக்கத்துக் கதையில், ஒழுக்கம் தவறியவனுக்கு வந்த முடிவு என்பதுபோல அந்த நோய் வந்து நிற்கிறது. ‘மு.வ. உபதேசம் செய்கிறார்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட இது எவ்வளவு பெரிய விமர்சனம் பாருங்கள். உபதேசத்துக்காக ஒரு நோயைக் கருவியாக்கிவிட்டார் என்கிறார் அந்தப் பெரியவர், வார்த்தைதான் வேறு. இத்தனைக்கும் அவருக்கு அந்த நாவல் பிடிக்கும். வேலய்யனுக்காக மறுபடியும் எடுத்துப் போனார்.

சரி, மோகமுள். என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன், அகல் விளக்கைவிட அது மேலான நாவல். தி. ஜானகிராமன் யமுனாவை எதற்கும் உதாரணமாகக் காட்டவில்லை, அதுதான் காரணம். பாபு அவளைத் தெய்வமாக்கப் பார்க்கிறான், ஊர் அவளை வேறு மாதிரி பார்க்கிறது, அவள் இரண்டுக்கும் பிடி கொடுக்காமல் தன் பாட்டுக்கு ஒரு மனுஷியாக இருக்கிறாள். சந்திரனையும் வேலய்யனையும் பற்றி மு.வ.வுக்கு முதலிலேயே முடிவு தெரியும், நமக்கும் தெரிந்துவிடுகிறது. பாபு அடுத்த பக்கத்தில் என்ன செய்வான் என்று தி.ஜா.வுக்கே தெரியாது போல இருக்கும். ஆனால் நம்ம பக்கத்துக்காரருக்கு அந்த நாவலில் ஒரு சங்கடம் உண்டு, அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. காவிரி, அக்கிரகாரம், ரங்கண்ணாவின் சங்கீதம், வீட்டுக்கு வீடு காப்பி, இதெல்லாம் வறண்ட ஏரிக்கரையில் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவனுக்கு அயலூர்தான். நெசவாளி ஒருவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பாபுவ விடு சார், அவங்க அப்பாவ நெனச்சாதான் எனக்குப் பாவமா கீது” என்றார். பிள்ளையை நம்பியிருந்த தகப்பன் பக்கம் நின்று அந்த நாவலைப் படித்திருக்கிறார். தவறா? இல்லவே இல்லை. ‘இது என் உலகம் இல்லை’ என்பதில் தொடங்கலாம், தீர்ப்பாக அதையே சொல்லி முடித்துவிட்டால்தான் நஷ்டம், ஏனென்றால் அப்புறம் மீனவர் கதையான செம்மீனையும் படிக்க முடியாது, கடலைப் பார்க்காதவர்கள்தானே நாம்.

தி.ஜா.வைப் பற்றிப் பேசும்போது அம்மா வந்தாளைச் சொல்லாமல் போக முடியாது. நூலகப் பிரதிகளில் பென்சிலால் எழுதி வைக்கும் வழக்கம் வாசகர்களுக்கு உண்டு, தடுக்கவே முடியாது. அலங்காரத்தம்மாளைப் பற்றிய ஒரு பக்கத்தின் ஓரத்தில் யாரோ ‘இவளெல்லாம் ஒரு தாயா’ என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், ஊதா மையில், ‘அப்பன் என்ன செய்துகொண்டிருந்தானாம்?’ அதற்கும் கீழே மூன்றாவது ஆள் ஒருவர் ‘நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்! அந்த இரண்டாவது கையெழுத்துதான் நாவலைப் படித்த கை. மனைவிக்கும் சிவசுவுக்கும் உள்ள உறவு தண்டபாணிக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் பஞ்சாங்கமும் ஜோசியமும் பாடமுமாக உட்கார்ந்திருக்கிறார். மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்பித் தன் பாவத்தைக் கழுவிக்கொள்ளப் பார்க்கிற அலங்காரத்தை எல்லாரும் விசாரிக்கிறார்கள், தண்டபாணியின் மௌனத்தை விசாரிக்கிற ஆள் குறைவு. அந்தப் பக்கத்தை நான் ரப்பர் போட்டு அழிக்கவில்லை, ஊதா மை அழியவும் அழியாது.

தண்ணீர் நாவலைப் பற்றி நம்ம ஊர்ப் பெண்களிடம் கேட்க வேண்டும். அசோகமித்திரன் சென்னையில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கையையும், பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மாவையும் வைத்து எழுதியது, 1973இல் புத்தகமாக வந்தது, சின்ன நாவல்தான். வேலூரில் பல தெருக்களில் வாரத்துக்கு ஒரு தடவை, சில கோடையில் அதற்கும் மேலே இடைவெளி விட்டுத்தான் குழாயில் தண்ணீர் வரும் என்று இருந்த காலத்தில், வரிசையில் குடம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இந்த நாவலைப் படித்த பெண்கள் இருக்கிறார்கள். ஆண் வாசகர்கள் ‘தண்ணீர் ஒரு குறியீடு’ என்று ஆரம்பிப்பார்கள். பெண்கள் அப்படி ஆரம்பிக்கவே மாட்டார்கள். ஒருவர் சொன்னார், “தண்ணி லாரி வர்ற எடத்துல சண்டை பத்தல சார். நம்ம தெருவுல ஒரு நாள் வந்து நின்னிருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.” அதே அம்மா, டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது நினைவிருக்கும். நம்ம குழாயில் வராத தண்ணீர் ரயிலேறிப் போகிறதே என்று இங்கே முணுமுணுத்தார்கள். அந்தச் சமயத்தில் இந்த நாவலை மறுபடி படித்த ஒரு ஆசிரியை, ‘முதல் தடவை படிச்சப்ப சென்னைக்காரங்க மேல பரிதாபமா இருந்தது, இப்ப பொறாமையா இருக்கு’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நாவல் மாறவில்லை. அவர் நிற்கிற இடம் மாறிவிட்டது. ஒரே ஆள் ஒரே நாவலைப் பற்றி இரண்டு காலத்தில் இரண்டு கருத்து சொன்னால் ‘முன்னே வேறு மாதிரி சொன்னாயே’ என்று மடக்குகிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள்.

பொன்னியின் செல்வனை வேகமாகத் தாண்டிவிடலாம், ஏனென்றால் அதைப் பற்றிப் பேச ஆள் பஞ்சமே இல்லை, 2022லும் 2023லும் படம் வந்தபோது ஐந்து பாகமும் அலமாரியில் தங்கவே இல்லை. அதில் நம்மவர்களுக்கு ஒரு சொந்தம் உண்டு. வந்தியத்தேவனை வாணர் குலத்தவன் என்கிறார் கல்கி, வாணர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் திருவல்லம் நம்ம காட்பாடிப் பக்கம்தான். பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் இருக்கும் சோழீசுவரம், சுந்தர சோழரின் தகப்பனார் அரிஞ்சய சோழருக்கு ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது சமாதிக் கோயில். நாவலைப் படித்துவிட்டு அங்கே போய்வந்த பையன்கள், நந்தினி வரலாற்றில் இல்லை என்று தெரிந்ததும் கல்கி ஏமாற்றிவிட்டார் என்று கோபித்துக்கொண்டார்கள். வரலாற்றுப் புத்தகத்திடம் கேட்க வேண்டியதை நாவலிடம் கேட்டால் அப்படித்தான். முடிவு சப்பென்று இருக்கிறது என்பவர்களும் நிறைய. அது புதிய புகார் இல்லை, 1954இல் தொடர் முடிந்தபோதே வாசகர்கள் கல்கிக்கு எழுதிக் கேட்டு, அவரும் முடிவுரையில் அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். கடைசிப் பாகத்தின் பின்னால் இருக்கும், பலபேர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள்.

இனி நான் அதிகம் பேச நினைக்கும் நாவலுக்கு வருகிறேன். தமிழ் நாவல்கூட இல்லை அது. ஆரோக்கிய நிகேதனம், தாராசங்கர் பந்த்யோபாத்யாய் வங்காளத்தில் எழுதியது, 1956இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, தமிழில் த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்தார். வேலூர்க்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நாவல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். காரணம் ஊருக்குத் தெரியும். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் போய்ப் பாருங்கள், லாட்ஜ் போர்டு வங்காளத்தில், ஓட்டலில் மீன் குழம்பும் சோறும் வங்காள ருசியில், ஆட்டோக்காரர் அரைகுறையாக வங்காளமும் இந்தியும் பேசுவார். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலில் இரண்டு இரவு படுத்து வந்து, ரிப்போர்ட் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஜனங்களின் கிராமத்தில், ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் யார் நாடி பார்த்தார்கள், வந்த பிறகு அவர் என்ன ஆனார் என்பதுதான் அந்த நாவல்.

ஜீவன் மஷாய் என்ற கிழ வைத்தியர், நாடியைத் தொட்டு மரணம் எப்போது வரும் என்று சொல்லிவிடுவார். தன் மகனின் மரணத்தையும் அப்படி முன்கூட்டியே அறிந்து சொன்னவர், அதற்காக மனைவியின் மன்னிப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஊருக்கு இளம் டாக்டர் பிரத்யோத் வருகிறார். நோயாளியிடம் நீ செத்துப்போவாய் என்று சொல்வது மருத்துவமா கொடூரமா என்று அவருக்கு ஆத்திரம். அவ்வளவுதான் சண்டை, அதற்குள் ஒரு நூற்றாண்டு இருக்கிறது.

இதை ஒரு நர்ஸும் ஒரு சித்த வைத்தியரும் அடுத்தடுத்து எடுத்துப் படித்தார்கள். வைத்தியருக்கு வயது எழுபதுக்கு மேல். “கெய்வன் சொன்னது ஒன்னுகூடப் பொய்யில்ல” என்றார், ஜீவன் மஷாய் தன் சொந்தப் பெரியப்பா மாதிரி. நர்ஸ் பிரத்யோத் கட்சி. வார்டில் கையைப் பிடித்துக்கொண்டு ‘பொழச்சிக்குவேனா சிஸ்டர்’ என்று கேட்கிறவரிடம் எந்த ஜென்மத்திலும் அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார். இரண்டு பேரையும் ஒரு சனிக்கிழமை மாலை வாசகர் வட்டத்தில் பேச வைத்தேன். பேச்சு சூடானது. கடைசியில் அந்த நர்ஸ் தானாகவே ஒன்று சொன்னார்: “நாங்களும் சொல்றோம். நோயாளிகிட்ட இல்ல, சொந்தக்காரங்களத் தனியாக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டினு போயிடுங்கன்னு சொல்றோம். அது வேற இன்னாவாம்?” வைத்தியர் பதில் பேசவில்லை. அந்த நாவலைப் பற்றிக் கட்டுரைகள் நிறையப் படித்தேன், பாரம்பரியம் நவீனம் என்று எழுதுவார்கள், சரியாகவே எழுதுவார்கள், ஆனால் அந்த அம்மா சொன்னதை அவற்றில் நான் பார்க்கவில்லை. அதைச் சொல்ல அவருக்கு இலக்கியக் கோட்பாடு தேவைப்படவில்லை, வார்டு தேவைப்பட்டது.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது தம்பி. தோலை வெட்டித் தைத்து ஷூவாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் இடத்தில் நாள் முழுதும் நிற்கிறீர்கள். பேரணாம்பட்டிலிருந்து எழுதும் அழகிய பெரியவனை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்றால் உடனே படியுங்கள். தகப்பன் கொடி, நிலம் கைவிட்டுப் போன ஒரு தலித் குடும்பத்தின் கதை, அப்புறம் வல்லிசை. நம்ம மண், நம்ம பேச்சு. அதில் வரும் ஊரும் வேலையும் சரியாக வந்திருக்கிறதா என்று உங்களால் சொல்ல முடியும். என்னால் ‘நன்றாக வந்திருக்கிறது’ என்றுதான் சொல்ல முடியும், நான் நூலகத்து நாற்காலியில் இருந்தவன். கவிப்பித்தனின் நீவாநதியும் இந்தப் பக்கத்து நாவல், பொன்னையாற்றின் பழைய பெயர்தான் தலைப்பு.

ஆனால் சொந்த ஊர் நாவல் என்றால் ஒரு ஆபத்து, நம்மை எப்படிக் காட்டியிருக்கிறார் என்பதிலேயே கண் போய்விடும். இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994இல் வந்தபோது பெரிய வாதம் நடந்தது. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இன்னொரு ஒடுக்குமுறை என்று ஏன் எழுத வேண்டும், அது யாருக்கு வசதி என்று தலித் வாசகர்களிலேயே சிலர் கோபித்தார்கள். அந்தக் கோபத்தை ‘இலக்கியம் தெரியாதவர்கள்’ என்று ஒதுக்கியவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கோபித்தவர் கேட்டது நியாயமான கேள்வி, யார் படித்து யாருக்கு எதிராக இதைப் பயன்படுத்துவார்கள் என்று பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் கூலியாகக் கிடைத்த தானியமும் சோறும் வருடா வருடம் குறைந்துகொண்டே வர, ஆரோக்கியம் வாசல் வாசலாக நிற்கும் அந்தப் பக்கங்களைப் படித்தவர் யாரும் அதைப் பொய் என்று என்னிடம் சொன்னதில்லை. பேச உட்கார்ந்தால் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிச்சல் வேண்டும். சாதியைப் பற்றிப் பேச்சு வரும்போது வாசகர் வட்டத்தில் பாதிப் பேர் ‘நடை அருமை’ என்று தப்பித்துக்கொள்வார்கள். நடையைப் பற்றிப் பேச வேண்டிய நாவலில் இவர்களே வாயைத் திறக்க மாட்டார்கள், அது வேறு கதை.

பாதியில் விட்ட நாவலைப் பற்றிப் பேசலாமா என்றும் கேட்பீர்கள். தாராளமாக, எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால். ஜே.ஜே: சில குறிப்புகளை நூறு பக்கம் தாண்டாமல் திருப்பித் தந்தவர்கள் ஏராளம். அதில் ஒருவர், ‘கதை எப்ப சார் ஆரம்பிக்கும்?’ என்று கேட்டார். சுந்தர ராமசாமி வேண்டுமென்றே செய்ததை அவர் ஒரே வரியில் பிடித்துவிட்டார், பிடித்ததுதான் தெரியவில்லை. ஜெயமோகனின் விஷ்ணுபுரத்தை விட்டவர்களைப் பற்றிப் பேசினால் இன்றைக்கு முடியாது.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். படித்து முடித்த அன்றைக்கே கருத்து சொல்லாதீர்கள், நாலு நாள் போகட்டும். நாலு நாள் கழித்தும் எந்தக் காட்சி தானாக வந்து நிற்கிறதோ அதிலிருந்து பேசுங்கள். கதைச் சுருக்கம் சொல்லிப் பாதி நேரத்தைத் தின்னாதீர்கள், கேட்கிறவர்கள் படித்திருப்பார்கள், அல்லது படிக்கப் போகிறார்கள். மற்றவர் எழுதிய மதிப்புரையை உங்கள் பேச்சுக்கு அப்புறம் படியுங்கள், முன்னால் படித்தால் அவர் வார்த்தை உங்கள் வாயில் ஒட்டிக்கொள்ளும். ‘செறிவான படைப்பு’, ‘பன்முக வாசிப்பு’ இதெல்லாம் அப்படி ஒட்டிக்கொண்டவைதான். நீங்கள் கம்பெனி கேன்டீனில் பேசுகிற மாதிரியே பேசுங்கள்.

அடுத்து என்ன படிக்கலாம் என்பதற்கு என் பதில் இந்த வரிசை: தகப்பன் கொடி, தண்ணீர், ஆரோக்கிய நிகேதனம், அதற்கு அப்புறம் மோகமுள்ளை இரண்டாவது தடவை. இரண்டாவது தடவையும் அகல் விளக்குதான் மேல் என்று தோன்றினால் அப்படியே சொல்லுங்கள், ஆனால் யமுனா வரும் ஒரு பக்கத்தையாவது எடுத்துவைத்துக்கொண்டு சொல்லுங்கள், நான் மறுத்துப் பேசத் தயார். ஆரோக்கிய நிகேதனம் கடையில் கிடைக்காவிட்டால் வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆம்பூர் கிளையில் உறுப்பினர் ஆகியிருந்தால் அங்கேயே விசாரித்துவிட்டுப் போவது நல்லது, பஸ் செலவு மிச்சம்.